நகரத்து மரங்களும் நம் உடல்நலமும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

சாலையோர மரம், பூங்கா, ஏரிக்கரைப் புதர்ச்செடி, மாடித்தோட்டம் ஆகிய அனைத்தும் நகரத்தின் பசுமைப் பரப்பில் அடங்கும். இவை அழகுக்காக மட்டும் இருப்பவை அல்ல. வெப்பத்தைத் தணித்தல், மழைநீரை மண்ணுக்குள் இறக்குதல், நடைப்பயிற்சிக்கு நிழல் தருதல், மின்கட்டணத்தைக் குறைத்தல் எனப் பல பணிகளை இவை நாள்தோறும் செய்கின்றன. இதய நோய், சிறுநீரக நோய், நீரிழிவு, ஆஸ்துமா முதலிய நாள்பட்ட நோய்களுடன் வாழ்வோருக்கு வசிக்கும் தெருவில் நிழல் இருப்பதும் இல்லாதிருப்பதும் மருத்துவ முக்கியத்துவம் உடைய வேறுபாடாகும். மரங்களால் கிடைக்கும் நன்மை எது, கிடைக்காதது எது, நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் எவற்றில் கவனமாக இருக்க வேண்டும் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியக் குறிப்புகள்

- மரநிழல் நகர வெப்பத்தைக் கணிசமாகக் குறைக்கிறது. முதியோர், கர்ப்பிணிகள், நாள்பட்ட நோயாளிகள் ஆகியோருக்கு இதன் பயன் மிகுதி.
- வீட்டினுள் வைக்கும் தொட்டிச் செடிகள் நோயாளிக்கு ஆக்சிஜன் வழங்குவதில்லை. மருந்துக்கோ ஆக்சிஜன் செறிவூட்டிக்கோ அவை மாற்று ஆகா.
- மரம் காற்று மாசை ஓரளவே குறைக்கும். புகையை வெளியிடும் இடத்திலேயே கட்டுப்படுத்துவதற்கு அது ஈடாகாது.
- நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் மண்ணைக் கையாளும்போது தனிக் கவனம் தேவை.
- உடல் வெப்பம் மிகுந்து மனக்குழப்பம் ஏற்பட்டால் அது அவசர நிலை. உடலைக் குளிர்விக்கத் தொடங்கியபடியே 108-ஐ அழைக்கவும்.

நகரம் ஏன் கூடுதலாகச் சூடாகிறது?

கான்கிரீட், தார்ச்சாலை, செங்கல் ஆகியவை பகல் முழுவதும் வெயிலின் வெப்பத்தை உள்வாங்கிச் சேமிக்கின்றன. சூரியன் மறைந்த பின் அவ்வெப்பத்தை மெல்ல மெல்ல வெளிவிடுகின்றன. ஊர்திகளும் குளிர்சாதனக் கருவிகளும் தெருவுக்குள் மேலும் வெப்பத்தைத் தள்ளுகின்றன. நெருங்கி நிற்கும் கட்டடங்கள் காற்றோட்டத்தைத் தடுக்கின்றன. இதனால் நகரின் உட்பகுதி, அதனைச் சூழ்ந்த வயல்வெளிகளைக் காட்டிலும் வெப்பமாக இருக்கிறது. இந்நிலை 'நகர வெப்பத் தீவு' எனப்படுகிறது.

மருத்துவ நோக்கில் இதன் முதன்மையான தீங்கு இரவில் நிகழ்கிறது. பகலில் வெப்பத்தைத் தாங்கிய உடல், இரவில் குளிர்ந்த காற்றில் மீள வேண்டும். வீட்டின் சுவரும் கூரையும் நள்ளிரவு வரை சூடாக இருந்தால் அந்த மீட்சி நிகழ்வதில்லை. உறக்கம் கெடுகிறது, இதயத்தின் பணிச்சுமை குறையாமல் தொடர்கிறது. வெப்ப அலை ஒரு நாளில் முடிந்துவிடாமல் பல நாட்கள் நீடிக்கும்போது நோயாளிகளின் உடல்நிலை படிப்படியாக மோசமடைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சென்னை போன்ற கடலோர நகரங்களில் காற்றின் ஈரப்பதமும் சேர்ந்துகொள்கிறது. உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் முதன்மை வழி வியர்வை ஆவியாதல். காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் வியர்வை வழிந்தோடுமே தவிர ஆவியாகாது. எனவே வெப்பமானியில் 38 டிகிரி செல்சியஸ் காட்டினாலும், உடலுக்கு அதைவிட மிகுதியான வெப்பத்தின் தாக்கமே ஏற்படுகிறது.

2010 மே மாதம் அகமதாபாத் நகரில் வெப்பநிலை 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அம்மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 இறப்புகள் கூடுதலாக நிகழ்ந்ததாகப் பின்னர் கணக்கிடப்பட்டது. அதன் விளைவாக 2013-இல் அந்நகரம் தனக்கென வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் உயிரிழப்போரின் குடும்பத்திற்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்கவும் அதில் வழிசெய்யப்பட்டது.

மரம் எவ்வாறு குளிர்விக்கிறது?

மரம் இரண்டு வழிகளில் வெப்பத்தைக் குறைக்கிறது.

முதலாவது, நிழல். இலைத்தொகுதி வெயிலைத் தரைக்கு வரவிடாமல் தடுக்கிறது. நிழலில் உள்ள சாலை அல்லது சுவரின் மேற்பரப்பு, நேரடி வெயிலில் உள்ளதைவிட 11 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ச்சியாக இருக்கக்கூடும். இங்குக் குறிப்பிடுவது மேற்பரப்பின் வெப்பநிலை. காற்றின் வெப்பநிலை இந்த அளவுக்குக் குறைவதில்லை. ஆயினும் மனித உடல் காற்றிலிருந்து மட்டும் வெப்பத்தைப் பெறுவதில்லை. மேலிருந்து விழும் வெயிலும் கீழிருந்து எழும் தரைச்சூடும் உடலைத் தாக்குகின்றன. இவ்விரண்டையும் நிழல் தடுப்பதால்தான் மரத்தடியில் நிற்பவர் உடனடியாக ஆறுதலை உணர்கிறார்.

இரண்டாவது, நீராவிப்போக்கு. வேர் உறிஞ்சும் நீரை இலைகள் ஆவியாக வெளிவிடுகின்றன. நீர் ஆவியாவதற்கு வெப்பம் தேவை. அவ்வெப்பம் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 0.68 கிலோவாட் மணி ஆற்றல் தேவைப்படும். நன்கு வளர்ந்த ஒரு மரம் போதிய நீருள்ள மண்ணில் நாளொன்றுக்கு 100 லிட்டர் நீரை ஆவியாக்கினால் 68 கிலோவாட் மணி அளவுக்கு வெப்பம் உறிஞ்சப்படும். இது 1.5 டன் குளிர்சாதனக் கருவி ஒன்று ஏறத்தாழ 13 மணி நேரம் தொடர்ந்து இயங்கி அகற்றும் வெப்பத்திற்கு இணையானது. குளிர்சாதனக் கருவி அறையின் வெப்பத்தைத் தெருவில் கொட்டுகிறது. மரம் அவ்வாறு செய்வதில்லை.

ஈரப்பதம் மிகுந்த கடலோர நகரங்களில் நீராவிப்போக்கின் பயன் ஓரளவு குறையும். நிழலின் பயன் குறையாது. ஆகவே சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற இடங்களில் புல்வெளியைவிடப் பரந்த கிளைகளுடைய மரமே நோயாளிகளுக்கு மிகுந்த பயன் தரும்.

யாருக்கு இது மிக முக்கியம்?

*இதய நோயாளிகள்.* வெப்பத்தில் தோலுக்குக் கூடுதல் இரத்தம் செலுத்தப்படுகிறது. இதயம் விரைந்து துடிக்கிறது. பீட்டா தடுப்பான் வகை மருந்துகள் உட்கொள்வோருக்கு இந்த ஈடுசெய்யும் ஆற்றல் குறைவாக இருக்கும்.

*உயர் இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு உள்ளோர்.* சிறுநீரை மிகுதியாகப் பிரியச் செய்யும் மாத்திரைகள் வெயில் காலத்தில் நீரிழப்பையும் தலைச்சுற்றலையும் உண்டாக்கலாம்.

*சிறுநீரக நோயாளிகள்.* நீரிழப்பு சிறுநீரகத்தை மேலும் பாதிக்கும். டயாலிசிஸ் செய்துகொள்வோர் தாகத்திற்கு ஏற்ப விரும்பிய அளவு நீர் அருந்தவும் இயலாது. இத்தகையோர் வெப்பத்தைத் தவிர்ப்பதே முதன்மையான பாதுகாப்பு.

*மனநல மருந்துகள் உட்கொள்வோர்.* சில மருந்துகள் வியர்வையைக் குறைத்து, உடல் வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கின்றன. லித்தியம் உட்கொள்வோருக்கு நீரிழப்பினால் இரத்தத்தில் அம்மருந்தின் அளவு அபாயகரமாக உயரலாம்.

*கர்ப்பிணிகள்.* தமிழ்நாட்டில் பணிபுரியும் 800 கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்டு 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, கடும் வெப்பத்தில் வேலை செய்வோருக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறத்தலும் நேரும் ஆபத்து ஏறத்தாழ இருமடங்காக இருப்பதைக் காட்டியது. கட்டுமானப் பணி, செங்கல் சூளை, வயல்வேலை ஆகியவற்றில் ஈடுபடும் பெண்களுக்குப் பணியிடத்தில் நிழல் என்பது வசதி அன்று. மகப்பேற்றுப் பாதுகாப்பின் ஒரு பகுதி.

*முதியோரும் குழந்தைகளும்.* முதியோருக்குத் தாக உணர்வு மழுங்கியிருக்கும். குழந்தைகளின் உடல், அதன் எடையுடன் ஒப்பிடுகையில், விரைவாக வெப்பத்தை ஏற்கிறது.

ஓட்டுவீடு, தகரக்கூரை வீடு, ஒற்றைச் சன்னல் உள்ள அறை ஆகியவற்றில் வாழ்வோரும், பேருந்து நிறுத்தத்திலும் நடைபாதையிலும் நெடுநேரம் நிற்க வேண்டியவர்களும் நோய் இல்லாதிருந்தாலும் இவ்வரிசையில் சேர்வர். குளிர்சாதனம் வாங்க இயலாதவருக்குத் தெருமரமே குளிர்சாதனம். ஆயினும் மக்கள் நெருக்கம் மிகுந்த, வருவாய் குறைந்த பகுதிகளிலேயே பெரும்பாலும் மரங்கள் குறைவாக உள்ளன. மரம் நடும் திட்டங்கள் முதலில் சென்றடைய வேண்டியவை இப்பகுதிகளே.

ஆய்வுகள் கூறுவது என்ன?

ஐரோப்பாவின் 93 நகரங்களில் 2015-ஆம் ஆண்டுக் கோடையை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2023-இல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. அந்நகரங்களில் மரப்பரப்பு சராசரியாக 15 விழுக்காட்டிற்கும் சற்றே குறைவாக இருந்தது. அதனை 30 விழுக்காடாக உயர்த்தியிருந்தால் நகர வெப்பநிலை சராசரியாக 0.4 டிகிரி செல்சியஸ் குறைந்திருக்கும் என்றும், அக்கோடையில் 2,644 முன்கூட்டிய இறப்புகள் தவிர்க்கப்பட்டிருக்கும் என்றும் அவ்வாய்வு மதிப்பிட்டது. அரை டிகிரிக்கும் குறைவான மாற்றம் கூட, பெரும் மக்கள்தொகையில் உயிர்களைக் காக்கும் என்பது இதன் பொருள்.

1984-இல் 'சயன்ஸ்' இதழில் ரோஜர் உல்ரிக் வெளியிட்ட ஆய்வு மருத்துவமனைகளுக்கு நேரடியாகத் தொடர்புடையது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அகற்றும் அறுவைசிகிச்சை செய்துகொண்ட 46 நோயாளிகளின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள் சராசரியாக 7.96 நாட்களில் வீடு திரும்பினர். செங்கற்சுவரைக் கண்டவர்கள் 8.70 நாட்கள் தங்கினர். மரங்களைக் கண்டவர்களுக்கு வலுவான வலிநிவாரணிகளும் குறைவாகவே தேவைப்பட்டன. இது சிறிய ஆய்வு. இதனைக் கொண்டு மரக்காட்சி நோயைக் குணப்படுத்தும் எனக் கூற இயலாது. ஆனால் நோயாளியின் சூழல் அவரது வலியையும் மனநிலையையும் பாதிக்கும் என்பதை மருத்துவ உலகம் கருத்தில் கொள்ளத் தொடங்க இவ்வாய்வு உதவியது. சிங்கப்பூரின் ஈசூன் பகுதியில் 2010-இல் திறக்கப்பட்ட கூ தெக் புவாட் மருத்துவமனை, தோட்டத்தை நடுவில் வைத்தே வடிவமைக்கப்பட்டது.

பசுமை தரும் மற்றொரு நன்மை, உடற்பயிற்சி. வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நிழலில்லாத தெருவில், காலை எட்டு மணிக்கு மேல், நீரிழிவு நோயாளி ஒருவரால் இதைக் கடைப்பிடிப்பது கடினம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் தொடங்கப்பட்ட 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைக்கப்பட்டது. இத்தகைய பாதைகளில் மரங்கள் இருந்தால் அவற்றை மக்கள் ஆண்டு முழுவதும் பயன்படுத்த முடியும்.

காற்று மாசு: மரம் செய்வதும் செய்யாததும்

இலைகளின் மேற்பரப்பில் தூசியும் நுண்துகள்களும் படிகின்றன. சில வாயுக்கள் இலைத்துளைகள் வழியாக உறிஞ்சப்படுகின்றன. இவை உண்மை. ஆனால் ஊர்திகளும் தொழிற்சாலைகளும் வெளியிடும் மாசுடன் ஒப்பிட்டால் இந்த அளவு சிறியது. மேலும், உயர்ந்த கட்டடங்களுக்கு இடைப்பட்ட குறுகிய சாலையில் மரக்கிளைகள் இருபுறமும் நெருங்கிக் கூரைபோல் மூடினால், ஊர்திப் புகை மேலே கலைந்து செல்லாமல் கீழேயே தங்கக்கூடும். அத்தகைய சாலைகளில், ஊர்திகளுக்கும் பாதசாரிகளுக்கும் இடையே அடர்ந்த குறுஞ்செடி வேலி அமைப்பது கூடுதல் பயனளிக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி பி.எம். 2.5 நுண்துகளின் ஆண்டுச் சராசரி, கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம் அளவைத் தாண்டக் கூடாது. இந்தியத் தர வரம்பு 40 மைக்ரோகிராம். இந்த இடைவெளியை மரம் நடுவதால் மட்டும் நிரப்ப இயலாது. ஆஸ்துமா நோயாளிகள், வீட்டருகே மரம் உள்ளது என்பதற்காக உறிஞ்சு மருந்தை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது.

தொட்டிச் செடி ஆக்சிஜன் தருமா?

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளோரின் குடும்பத்தினர் வெளிநோயாளர் பிரிவில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இரவிலும் ஆக்சிஜன் தரும் எனக் கூறி, சில வகைச் செடிகள் படுக்கையறைக்கென விற்கப்படுகின்றன.

ஒரு தொட்டிச் செடி வெளியிடும் ஆக்சிஜன், மனிதர் சுவாசிக்கும் அளவோடு ஒப்பிட மிகமிகக் குறைவு. அறையில் உள்ள காற்றின் ஆக்சிஜன் அளவை அது மாற்றுவதில்லை. நோயாளியின் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதற்குக் காரணம் நுரையீரலின் செயல்திறன் குறைந்திருப்பதே அன்றி, அறைக்காற்றில் ஆக்சிஜன் இல்லாமை அன்று.

வீட்டுச் செடிகள் காற்றைத் தூய்மையாக்கும் என்ற கருத்து, 1989-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, மூடிய சிறு கூண்டுகளில் நடத்திய சோதனையிலிருந்து பரவியது. 2019-இல் வெளிவந்த மறுஆய்வு, சாதாரண வீட்டின் காற்றோட்டத்திற்கு இணையான பயனைப் பெற ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை தேவைப்படும் எனக் காட்டியது. மனமகிழ்ச்சிக்காகச் செடி வளர்க்கலாம். ஆனால் சன்னலைத் திறப்பதும், சமையல் புகையை வெளியேற்றுவதும், கொசுவர்த்திச் சுருளையும் ஊதுவத்தியையும் தவிர்ப்பதுமே நோயாளியின் நுரையீரலுக்கு உண்மையான உதவியாகும்.

மரத்தின் பொருளாதார மதிப்பு

வெட்டப்பட்ட மரத்திற்குச் சந்தையில் விலை உண்டு. நிற்கும் மரத்தின் மதிப்பு எந்தக் கணக்கிலும் ஏறாததால், சாலை விரிவாக்கத்தின்போது அது எளிதில் இழக்கப்படுகிறது. இதை மாற்றச் சில முயற்சிகள் நடந்துள்ளன.

நியூயார்க் நகரின் ஏறத்தாழ 5,92,000 சாலையோர மரங்களை 2007-ஆம் ஆண்டு அறிக்கை ஒன்று மதிப்பிட்டது. ஆற்றல் சேமிப்பு, மழைநீர் மேலாண்மை, காற்றுத் தூய்மை, சொத்து மதிப்பு ஆகியவற்றின் வழியே ஆண்டுக்குச் சுமார் 12.2 கோடி டாலர் பயன் கிடைப்பதாகவும், மரப் பராமரிப்புக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் 5.60 டாலர் திரும்பக் கிடைப்பதாகவும் அது கூறியது.

இந்தியாவில், மேற்கு வங்கத்தில் ரயில்வே மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்டுவது தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் 2020-இல் நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. மரத்தின் வயதை 74,500 ரூபாயால் பெருக்கி அதன் மதிப்பைக் கணக்கிடலாம் என அக்குழு பரிந்துரைத்தது. அம்முறையில் 50 ஆண்டு மரத்தின் மதிப்பு 37 லட்சம் ரூபாயைத் தாண்டும். இது ஒரு குழுவின் கணக்கீட்டு முறையே; அனைவரும் ஏற்ற விலை அன்று. இருப்பினும், வெட்டிய ஒரு முதிர்ந்த மரத்திற்கு ஈடாகப் பத்து நாற்றுகளை நட்டால் போதும் என்ற எண்ணம் தவறு என்பதை இது உணர்த்துகிறது. நாற்று நிழல் தரப் பல ஆண்டுகள் ஆகும். இன்று 70 வயதில் உள்ள நோயாளிக்கு அத்தனை ஆண்டு காத்திருக்க இயலாது.

குடும்ப அளவிலும் இதன் கணக்கு தெளிவானது. மேற்குச் சுவரின் மீது மாலை வெயில் படாமல் மரம் தடுத்தால் மின்விசிறியும் குளிர்சாதனமும் இயங்கும் நேரம் குறையும். வெப்பத்தால் ஏற்படும் மருத்துவமனைச் சேர்க்கை தவிர்க்கப்பட்டால் மருத்துவச் செலவோடு, நோயாளிக்குத் துணையிருப்போரின் கூலி இழப்பும் தவிர்க்கப்படுகிறது.

மழை, வெள்ளம், நோய்த்தடுப்பு

மரத்தின் இலைகள் மழையின் வேகத்தைத் தணிக்கின்றன. வேர்கள் மண்ணை நெகிழ்வாக்கி நீரை உள்ளிறங்கச் செய்கின்றன. ஏரிகளும் சதுப்புநிலங்களும் வெள்ளநீரைத் தாங்கிக்கொள்கின்றன. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட நகரத்திற்கு இவற்றின் தேவையை விளக்க வேண்டியதில்லை. தெருவில் நீர் தேங்கினால் எலிக்காய்ச்சல், வயிற்றுப்போக்கு, டெங்கு ஆகியவை தொடர்ந்து வரும். மண்ணுக்குள் நீர் இறங்கும் பரப்பைக் காப்பதும் நோய்த்தடுப்பே.

எந்த மரம், எந்த இடம்?

- வேம்பு, புங்கம், பூவரசு, மகிழம், புன்னை, நாவல் ஆகியவை நம் மண்ணுக்கு ஏற்ற நிழல் மரங்கள். புன்னையும் பூவரசும் கடற்காற்றைத் தாங்கும்.
- 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்த வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அடிமரம் வரை கான்கிரீட் பூசினால் வேர்கள் நீரும் காற்றும் பெறாமல் வலுவிழக்கும். மரத்தைச் சுற்றிக் குறைந்தது ஒரு மீட்டர் மண்பரப்பைத் திறந்து விட வேண்டும் எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் தில்லிக்கு உத்தரவிட்டது. இவ்விதி எந்த நகருக்கும் பொருந்தும்.
- கோனோகார்ப்பஸ் மரங்களை நட வேண்டாம். மகரந்த ஒவ்வாமை உள்ளிட்ட காரணங்களால் குஜராத் அரசு 2023-இல் இதனைத் தடை செய்தது. தமிழ்நாட்டிலும் இதனை நடத் தடை விதிக்கப்பட்டுள்ளது.
- சீமைக் கருவேல மகரந்தமும் பார்த்தீனியச் செடியும் ஒவ்வாமையைத் தூண்டுபவை. மூக்கொழுக்கு, தும்மல், இழைப்பு உள்ளோர் இவை பூக்கும் இடங்களைத் தவிர்க்க வேண்டும்.

செடி வளர்க்கும் நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

*நீரிழிவு நோயாளிகள்.* மழைக்காலத்தில் ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். மண்ணில் வாழும் பாக்டீரியா ஒன்றால் உண்டாகும் மெலியாய்டோசிஸ் என்னும் கடுந்தொற்று, நீரிழிவு உள்ளோரை மிகுதியாகத் தாக்குகிறது. காலணியும் கையுறையும் அணிந்து வேலை செய்து, பின்னர்ப் பாதங்களைக் கழுவித் துடைத்துக் காயம் உள்ளதா எனப் பார்க்கவும்.

*புற்றுநோய் மருந்தேற்றம் பெறுவோர், உறுப்பு மாற்று செய்துகொண்டோர்.* மண்ணிலும் மக்கிய உரத்திலும் ஆஸ்பர்ஜில்லஸ் முதலிய பூஞ்சைகள் உள்ளன. மருத்துவர் அனுமதிக்கும் வரை மண்ணைக் கிளறுவதையும் உரம் கலப்பதையும் பிறரிடம் விடவும். பூங்காவில் அமர்ந்திருக்கத் தடையில்லை.

*குழந்தைகள் உள்ள வீடுகள்.* செவ்வரளி, மஞ்சள் அரளி ஆகியவற்றின் எல்லாப் பகுதிகளும் நச்சுடையவை. இதயத் துடிப்பைப் பாதிக்கும். குழந்தை இலையையோ காயையோ தின்றதாக ஐயம் எழுந்தாலும், அறிகுறிகளுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும். வாந்தி எடுக்கச் செய்ய வேண்டாம். குழந்தைகளுக்கு வேப்பெண்ணெயை உள்ளுக்குக் கொடுப்பதும் ஆபத்தானது.

*அனைவரும்.* தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறையேனும் தட்டுகளைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவவும்.

வெயில் காலத்தில் நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் செய்ய வேண்டியவை

1. மருத்துவமனைக்குச் செல்லும் நேரத்தைக் காலை வேளைக்கு மாற்றிக்கொள்ளவும். நண்பகல் 12 முதல் மாலை 3 மணி வரை வெளியில் செல்வதைத் தவிர்க்கவும்.
2. வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம், மருந்தகம், சுகாதார நிலையம் ஆகியவற்றுக்கு நிழலுள்ள வழி எது என முன்கூட்டியே பார்த்து வைக்கவும். சற்றே நீண்ட நிழல்வழி, குறுகிய வெயில்வழியைவிடப் பாதுகாப்பானது.
3. நடைப்பயிற்சியை மரங்கள் உள்ள பாதையில், வெயில் ஏறுமுன் முடிக்கவும். மார்பு வலி, மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் தோன்றினால் உடனே நிறுத்தவும்.
4. போதிய நீர், மோர், இளநீர் அருந்தவும். இதயச் செயலிழப்பு அல்லது சிறுநீரக நோய் உள்ளோர் நீரின் அளவை மருத்துவரிடம் கேட்டு அதன்படி நடக்கவும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரக நோயாளிகள் மருத்துவர் அனுமதியின்றி அருந்தக் கூடாது.
5. கோடையில் மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என மருத்துவரிடம் கேட்கவும். தாமாக நிறுத்த வேண்டாம். இன்சுலினை வெயிலில் நிற்கும் ஊர்தியில் வைக்க வேண்டாம்.
6. படுத்த படுக்கையாக உள்ளவரின் கட்டிலை மேற்குச் சுவரிலிருந்து தள்ளிப் போடவும். மரம் இல்லாத வீட்டில் சன்னலுக்கு வெளியே தட்டி அல்லது படர்கொடிப் பந்தல் அமைக்கலாம். வெயில், கண்ணாடியைத் தொடுமுன் தடுக்கப்படுவதே சிறந்தது.
7. தனியாக வாழும் முதியோரை வெப்ப அலை நாட்களில் அண்டை வீட்டார் நாளுக்கு இருமுறையேனும் சென்று பார்க்கவும்.

குடியிருப்போர் செய்யக்கூடியவை

மரம் நடுவதைவிட, உள்ள மரத்தைக் காப்பது முதன்மையானது. அடிமரத்தில் ஆணி அடிப்பதையும், விளம்பரப் பலகை கட்டுவதையும், குப்பை எரிப்பதையும் தடுக்கவும். மின்கம்பியில் உரசும் கிளைகளை உரிய துறையின் மூலம் அளவாகக் கத்தரிக்கச் செய்யவும். கோடைக்கு முன் மொட்டையடிப்பது நிழலை இழக்கச் செய்யும். நாற்று நட்டால் முதல் இரண்டு கோடைகளுக்கு நீர் ஊற்றும் பொறுப்பை யாரேனும் பெயர் சொல்லி ஏற்க வேண்டும். பேருந்து நிறுத்தம், அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன் கடை ஆகியவற்றின் முன் வரிசையில் நிற்கும் இடங்களில் முதலில் நடவும். சென்னையில் மரம் தொடர்பான புகார்களை மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் தெரிவிக்கலாம்.

எப்போது உடனடி மருத்துவ உதவி தேவை?

வெயிலில் இருந்தவருக்கோ காற்றோட்டமற்ற வீட்டில் இருந்தவருக்கோ கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் தோன்றினால், ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பத் தாக்கு எனக் கருதிச் செயல்படவும்:

- உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருத்தல்
- மனக்குழப்பம், பேச்சுக் குழறல், பொருத்தமற்ற நடத்தை
- வலிப்பு அல்லது நினைவிழத்தல்
- தோல் மிகச் சூடாக இருத்தல். வியர்வை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

108-ஐ அழைக்கவும். ஊர்தி வரும்வரை காத்திருக்காமல் நோயாளியை நிழலுக்கு மாற்றி, ஆடைகளைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறவும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் ஈரத்துணி அல்லது துணியில் சுற்றிய பனிக்கட்டி வைக்கவும். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாய்வழியே எதுவும் கொடுக்கக் கூடாது. பாராசிட்டமால் இவ்வகை வெப்பத்தைக் குறைக்காது. முதல் அரைமணி நேரத்தில் உடலைக் குளிர்விப்பதே உயிரைக் காக்கும்.

உடல்நலம் சார்ந்த ஐயங்களுக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம். இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொதுவான வழிகாட்டுதலுக்கானவை. மருந்து, உணவு, நீர் அளவு ஆகியவற்றில் மாற்றம் செய்யுமுன் தங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரை அணுகவும்.